வண்டிக்குள்ளே: திறக்காத டப்பாக்கள்

வாசகர் கேள்வி பதில்

(பதில் சொல்பவர் பெங்களூரு ஜே.சி. ரோடு பக்கம் சீட் கவர், கார் இன்டீரியர் வேலைக் கடை நடத்துபவர்.)

போன இதழில் சீட் பெல்ட் பற்றி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைவிட, "டேஷ்போர்டு டப்பா திறக்க மாட்டேன் என்கிறது" என்று வந்தவைதான் அதிகம். சரி, இந்த முறை டப்பாக்களையே எடுத்துக்கொள்வோம். முதல் கடிதத்துக்குப் பதில் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள், மற்றவர்களுக்கும் பாதி பதில் அதிலேயே வந்துவிடும்.

கேள்வி: அக்கா, என்னுடையது எட்டு வருடப் பழைய ஹேட்ச்பேக். முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் கிளவ் பாக்ஸ் போன வாரத்திலிருந்து திறக்கவில்லை. நடுவில் உள்ள ஹேண்டிலை இழுத்தால் வலது மூலை மட்டும் ஒரு விரல் அளவு வெளியே வருகிறது. இடது மூலை அசையவே இல்லை. உள்ளே ஆர்.சி., இன்ஷூரன்ஸ், மாமியாரின் மருந்துச் சீட்டு எல்லாம் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு சர்வீஸ் சென்டரில் கேட்டால் டேஷ்போர்டையே இறக்க வேண்டும் என்கிறார்கள். மச்சான் ஸ்க்ரூ டிரைவரோடு தயாராக நிற்கிறார். என்ன செய்யட்டும்?
— அல்சூர் வாசகர்

பதில்: முதல் வேலையாக மச்சான் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை வாங்கி வையுங்கள். ஒரு காபி கொடுத்து உட்கார வையுங்கள். எங்கள் கடைக்கு வரும் கிளவ் பாக்ஸ்களில் லாக் தானாகப் போனது குறைவு. லாக்கைத் திறக்கப் போய் மூடியின் மேல்விளிம்பைப் பிளந்துகொண்டு வருவதுதான் அதிகம். லாக் சின்னச் சாமான், பல வண்டிகளுக்குத் தனியாகக் கிடைக்கும். மூடி உடைந்தால் அதே நிறம், அதே சொரசொரப்பு என்று தேடி அலைய வேண்டும். டேஷ்போர்டின் மேல்தோலில் கீறல் விழுந்துவிட்டால் அதற்கு மருந்தே கிடையாது.

நீங்கள் நன்றாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். ஒரு மூலை வருகிறது, இன்னொன்று வரவில்லை என்றால், உங்கள் வண்டியில் ஹேண்டில் நடுவில் இருந்தாலும் பிடிமானம் நடுவில் இல்லை. மூடியின் இரண்டு ஓரத்திலும் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒவ்வொரு பின் நீட்டிக்கொண்டிருக்கும். மூடும்போது அவை டேஷ்போர்டின் பக்கச்சுவரில் உள்ள ஓட்டைக்குள் போய் உட்காரும். ஹேண்டிலை இழுத்தால், மூடிக்குள்ளே குறுக்காக ஓடும் இரண்டு ராடுகள் அந்தப் பின்களை நடுப்பக்கமாக உள்ளிழுத்துக்கொள்ளும். உங்களுக்கு வலது பின் ஒழுங்காக வேலை செய்கிறது. இடது பின் ஓட்டைக்குள் இறுகிக்கொண்டிருக்கிறது, அல்லது அதன் ராடு ஹேண்டிலிலிருந்து கழன்றுவிட்டது. இரண்டில் ஒன்றுதான்.

இறுகியிருந்தால் பத்து நிமிட வேலை. எல்லாரும் செய்கிற காரியம், திறக்கவில்லை என்றதும் இன்னும் பலமாக இழுப்பது. இழுக்க இழுக்க அந்தப் பின், ஓட்டையின் விளிம்பில் இன்னும் அழுந்தும். உள்ளே திணித்து வைத்த சாமான்களும் மூடியை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் வீட்டுக் கதவைத் தோளால் ஒரு அழுத்து அழுத்தினால்தான் தாழ்ப்பாள் நகரும் இல்லையா, அதே கணக்கு. முன்சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளிவிட்டு உட்காருங்கள். வலது மூலையை முதலில் பழையபடி மூடிவிடுங்கள். இடது கை உள்ளங்கையை மூடியின் இடது மேல்மூலையில் வைத்து டேஷ்போர்டுப் பக்கமாக நன்றாக அழுத்துங்கள். அழுத்தியபடியே வலது கையால் ஹேண்டிலை முழுக்க இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ஹேண்டிலை விடாமல் இடது கையை மட்டும் மெதுவாகத் தளர்த்துங்கள். முதல் தடவையில் வராவிட்டால் அழுத்தும் இடத்தைக் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே மாற்றிப் பாருங்கள். ஒருவர் அழுத்த, இன்னொருவர் இழுப்பது இன்னும் சுலபம். மச்சானுக்கும் ஒரு வேலை ஆயிற்று.

அப்படியும் வரவில்லையா? வலது மூலையை மறுபடி அந்த ஒரு விரல் அளவுக்குத் திறந்து வைத்து, இடுக்கில் காலாவதியான ஏ.டி.எம். கார்டை நுழைத்து இடப்பக்கமாக நகர்த்திக்கொண்டே போங்கள். சில நேரம் ஒரு டோல் ரசீதோ, கோயில் விபூதிப் பொட்டலமோ மேலே எழும்பி, அந்தப் பின்னுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டிருக்கும். கார்டு அதைக் கீழே தள்ளிவிடும்.

அதற்கும் அசையவில்லை என்றால் ராடு கழன்றிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். போனில் டார்ச்சைப் போட்டு, வீடியோவை ஓடவிட்டு, கேமரா முனையை அந்த இடுக்கில் காட்டுங்கள். பிறகு வீடியோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். மூடியின் உள்பக்கம் உறை இல்லாத வண்டிகளில் ராடு ஒரு முனையில் தொங்குவது கண்ணுக்குத் தெரியும். சைக்கிள் ஸ்போக்ஸ் ஒன்றை எடுத்து நுனியை வளைத்து, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள், கீறாமல் இருக்க. அந்தக் கொக்கியால் இடது பின்னையோ தொங்கும் ராடையோ பிடித்து நடுப்பக்கமாக இழுங்கள். இழுக்கும்போதும் மூடியை வெளியிலிருந்து அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். இதை மறந்துவிட்டு ஸ்போக்ஸை நொந்துகொள்பவர்கள்தான் நிறைய.

டேஷ்போர்டை இறக்க வேண்டும் என்று சொன்னார்களே, அதற்கு முன்னால் இன்னொரு வாசல் இருக்கிறது. முன்பக்க இடது கதவைத் திறந்து, டேஷ்போர்டு முடியும் பக்கவாட்டைப் பாருங்கள். கதவை மூடினால் மறைந்துவிடும் இடத்தில் ஒரு மூடி இருக்கும். பல வண்டிகளில் அது வெறும் கிளிப்பில்தான் நிற்கிறது. பிளாஸ்டிக் டிரிம் டூலால் நெம்பினால் வந்துவிடும். அந்த டூல் எஸ்.பி. ரோட்டில் மலிவாகவே கிடைக்கும். அங்கிருந்து பார்த்தால் கிளவ் பாக்ஸின் இடது விலா தெரியும், சில வண்டிகளில் அந்தப் பின் உட்காரும் ஓட்டையே கைக்கு எட்டும். இன்னும் சில வண்டிகளில் கீழே கால் வைக்கும் பக்கமிருந்து பார்த்தால் மூடியின் கீல் தெரியும். கீலைக் கழற்றினால் மூடியைக் கீழ்ப்பக்கமாக விடுவிக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. முன்பயணி இருக்கைக்கான ஏர்பேக் கிளவ் பாக்ஸுக்கு நேர் மேலே, டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் புதிதாக வந்த மாடல்களில் அது கட்டாயம். பழைய வண்டிகளிலும் பலவற்றில் உண்டு. மேலே எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக் என்று பொறித்திருக்கும். பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்ப்பது வரைக்கும் பிரச்சினை இல்லை. அதற்கு உள்ளே போவதாக இருந்தால், சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். ஒன்றரை நிமிடம் போதும் என்னும் வண்டியும் உண்டு, மூன்று நிமிடமோ அதற்கு மேலோ கேட்கும் வண்டியும் உண்டு. நான் பத்து நிமிடம் விட்டுவிடுவேன், டீ குடிக்கிற நேரம்தானே. மஞ்சள் நிறக் கனெக்டரையும் மஞ்சள் ஒயரையும் எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். அதைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றால் தொழில் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

திறந்த பிறகு செய்ய வேண்டியது. ராடு நுனியைப் பிடிக்கும் சின்னப் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கும். எல்லாரும் ஃபெவிக்விக்கைத் தேடுவார்கள். கொஞ்சம் பொறுத்து, கழற்றிய பாகத்தின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு கூர்முனைக் குறிகளுக்கு நடுவே பொடி எழுத்தில் பி.பி. என்றோ ஏ.பி.எஸ். என்றோ அச்சு இருக்கும். பி.பி. என்றால் பாலிப்ரொப்பிலீன். அதில் இந்தப் பசை எதுவும் பிடிக்காது, காய்ந்ததும் தகடாகப் பெயர்ந்து வந்துவிடும். ஏ.பி.எஸ். என்றால் ஒட்டும். ஆனால் மூடிய டப்பாவுக்குள் ஆவி தங்கிக் கறுப்புப் பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் பூத்துவிடும். அவசரத்துக்கு மெல்லிய கேபிள் டையால் ராடைக் கட்டி வைக்கலாம். அப்புறம் லாக் செட்டையே மாற்றிவிடுங்கள். புது செட் கிடைக்காத பழைய மாடல் என்றால், சென்னைக்குப் புதுப்பேட்டை எப்படியோ அப்படி நமக்குச் சிவாஜிநகர் குஜிரி, பழைய வண்டிச் சாமான் சந்தை. உடைந்த பாகத்தைக் கையோடு கொண்டு போங்கள். போனில் படம் காட்டினால், "இருக்கு இருக்கு" என்று வேறு எதையாவது தலையில் கட்டிவிடுவார்கள்.

மாமியாரின் மருந்துச் சீட்டை எடுத்ததும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது கிளவ் பாக்ஸில் இருக்க வேண்டிய சாமானே இல்லை.

கேள்வி: எனக்கும் இதே கதைதான். டப்பா திறக்கும் வரை வண்டியை வெளியே எடுக்கப் பயமாக இருக்கிறது. அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் போகும்போது போலீஸ் நிறுத்தி ஆர்.சி. கேட்டால், "டப்பாவுக்குள் இருக்கிறது, திறக்கவில்லை" என்றால் நம்புவார்களா?
— எலக்ட்ரானிக் சிட்டி வாசகர்

பதில்: நம்ப மாட்டார்கள். நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன். ஆனால் அதற்கு அவசியமும் இல்லை. டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ உங்கள் லைசென்ஸையும் ஆர்.சி.யையும் ஏற்றி வையுங்கள். அவற்றை அசலுக்குச் சமமாக ஏற்க வேண்டும் என்று 2018-லேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் சொல்லிவிட்டது. கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் சேர்த்துத்தான். ஆர்.சி.யைப் போட்டோ எடுத்து கேலரியில் வைத்திருப்பது இந்தக் கணக்கில் சேராது, செயலியைத் திறந்து காட்ட வேண்டும்.

கேள்வி: என் கிளவ் பாக்ஸுக்குச் சாவி உண்டு. ஆயுத பூஜைக்குப் பூட்டினோம். அப்புறம் சாவி பாதிதான் திரும்புகிறது. தேங்காய் எண்ணெய் விட்டேன். சில நாள் நன்றாக இருந்தது. இப்போது காலையில் சுத்தமாகத் திரும்புவதில்லை, மத்தியானம் கொஞ்சம் திரும்புகிறது. பூட்டுக்குப் பேய் பிடித்துவிட்டதா?
— ஸ்ரீராம்புரம் வாசகி

பதில்: அம்மா, பேயும் இல்லை பிசாசும் இல்லை. நீங்கள் விட்ட எண்ணெய்தான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறைய ஆரம்பிக்கும். பெங்களூருவில் மார்கழிக் காலை 15, 16 டிகிரிக்கு இறங்குகிறது. குளியலறையில் பாட்டில் உறைந்து நிற்கிற மாதிரியே பூட்டுக்குள்ளும் உறைந்து நிற்கிறது. மத்தியானம் வண்டி வெயிலில் நின்றதும் இளகிவிடுகிறது.

எண்ணெய் விடுவதற்கு முன்னால் பூட்டு ஏன் மக்கர் செய்தது என்பதையும் பாருங்கள். பூஜை அன்று ஸ்டியரிங்குக்கு வைத்த சந்தனம், குங்குமத்தைப் பையன் யாராவது அந்தச் சாவித் துவாரத்துக்கும் வைத்திருப்பான். ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் எங்களுக்கு வரும் பூட்டுகளைக் கழற்றினால் சிவப்பாகத்தான் கொட்டும். சந்தனம் காய்ந்தால் சிமெண்ட். அதில் எண்ணெயும் சேர்ந்தால் குழம்பாகி, பூட்டுக்குள் உள்ள பித்தளைத் தகடுகள் மேலும் கீழும் நகர முடியாமல் நின்றுவிடும். சாவி நுழைந்ததும் அந்தத் தகடுகள் எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்தால்தான் பூட்டு சுற்றும்.

எலக்ட்ரிக் கடையில் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே கேளுங்கள். பிளாஸ்டிக்கைப் பாதிக்காதது என்று டப்பாவிலேயே எழுதியிருக்க வேண்டும். சுற்றிலும் துணி வைத்துக்கொண்டு, மெல்லிய குழாயைத் துவாரத்தில் வைத்து அடியுங்கள். சாவியை உள்ளே விட்டு எடுங்கள், துடையுங்கள், மறுபடி விடுங்கள். சாவியில் சிவப்பும் பிசுக்கும் வருவது நிற்கும் வரை இதைச் செய்ய வேண்டும். பெட்ரோல், தின்னர் வேண்டவே வேண்டாம், சுற்றியுள்ள பிளாஸ்டிக்கில் விரிசல் விழும். நன்றாகக் காய்ந்ததும் கிராஃபைட் பொடி போடுங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்காவிட்டால் 6பி பென்சிலைச் சாவியின் இரண்டு பக்கமும் பல்லிலும் நன்றாகத் தேய்த்து, பூட்டுக்குள் விட்டு எடுத்தால் போதும். சாவி பாதி திரும்பி நிற்கும்போது முறுக்காதீர்கள். முறிந்த சாவியின் மிச்சத்தை எடுப்பது தனிக் கதை. அடுத்த வருடம் பொட்டை ஹேண்டிலுக்கு வையுங்கள், சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

கேள்வி: ஒரு சர்வீஸ் கடையில் விட்டு எடுத்ததிலிருந்து கிளவ் பாக்ஸ் திறந்தால் முழங்கால் மேல் விழுகிறது, மூடினால் ஒரு பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிறது. கேட்டால் "நாங்கள் அதைத் தொடவே இல்லை சார்" என்கிறார்கள்.
— ஒயிட்ஃபீல்டு வாசகர்

பதில்: பில்லை எடுத்துப் பாருங்கள். ஏ.சி. ஃபில்டர் அல்லது கேபின் ஃபில்டர் என்று ஒரு வரி இருக்கிறதா? இருந்தால் தொட்டிருக்கிறார்கள். ஸ்விஃப்ட், ஐ10, இன்னோவா என்று நம்மூரில் ஓடும் பல வண்டிகளில் அந்த ஃபில்டர் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால்தான் இருக்கிறது. டப்பாவை இறக்காமல் மாற்ற முடியாது.

இறக்குவதற்கு ஒரு முறை உண்டு. உள்ளே உள்ள சாமான்களை முழுக்க எடுத்துவிட்டு, டப்பாவின் இரண்டு பக்கச்சுவரையும் இரண்டு கையாலும் உள்நோக்கி அமுக்கினால், ஓரத்தில் உள்ள தடுப்புக் குமிழ்கள் டேஷ்போர்டின் விளிம்பைத் தாண்டிக் கீழே வரும். பல வண்டிகளில் வலது பக்கமோ இடது பக்கமோ ஒரு சின்ன டாம்பர் கம்பியோ கயிறோ மாட்டியிருக்கும். மூடி மெதுவாக இறங்குவது அதனால்தான். அதை முதலில் கழற்ற வேண்டும். அவசரத்தில் இருக்கும் பையன் டாம்பரைக் கழற்றாமல், பக்கச்சுவரை அமுக்காமல், ஒரே இழுப்பாக இழுத்தால் குமிழ் உடையும், டாம்பரின் மாட்டு முனை ஒடியும். உங்களுக்கு முழங்காலில் விழுவது குமிழும் டாம்பரும் போனதால். துருத்துவது, கீழ்ப்பக்கக் கீலில் ஒன்று அதன் குழியில் உட்காராததால்.

துருத்தலை நீங்களே சரிசெய்யலாம். டப்பாவை முழுக்க இறக்கி, கீழ்விளிம்பில் உள்ள இரண்டு கீல்களும் கம்பியைக் கவ்வுகிறதா என்று தடவிப் பார்த்து, ஒரே நேரத்தில் இரண்டையும் தள்ளி உட்கார வையுங்கள். டிக் என்ற சத்தம் இரண்டு தடவை கேட்க வேண்டும். டாம்பர் தனியாகக் கிடைக்கும். குமிழ் டப்பாவோடு சேர்ந்த வார்ப்பு. உடைந்தது உறுதியானால், பில்லோடு போய் அந்தக் கடையிலேயே நின்று கேளுங்கள். அந்த ஒரு வரி போதும், தொடவில்லை என்று சொல்ல முடியாது.

இறக்கியிருக்கும்போதே ஃபில்டரையும் ஒரு பார்வை பாருங்கள். மாற்றாமலே காசு வாங்கியிருந்தால் அதுவும் தெரிந்துவிடும். அரச இலை, புறா இறகு, எலிப் புழுக்கை எல்லாம் அங்கிருந்து எடுத்திருக்கிறோம். புழுக்கை இருந்தால் கிளவ் பாக்ஸை மறந்துவிட்டு முதலில் பானெட்டைத் திறந்து ஒயர்களைப் பாருங்கள்.

கேள்வி: இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில், கை வைக்கும் இடத்தில் உள்ள டப்பா ஒட்டிக்கொண்டது. மகன் சர்க்கரை தூக்கலாகப் போட்ட காபியை அதன் மேல் கவிழ்த்துவிட்டான். வெந்நீர் ஊற்றலாமா?
— ஜெயநகர் வாசகி

பதில்: ஊற்றவே கூடாது. பெரும்பாலான வண்டிகளில் ஏர்பேக்கை இயக்கும் கண்ட்ரோல் பெட்டி அந்த நடு கன்சோலுக்கு அடியில்தான், தரையோடு திருகி வைத்திருக்கிறார்கள். போதாததற்கு டப்பாவுக்குள்ளே சார்ஜர் பாயிண்ட் வேறு.

துணியை வெந்நீரில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, மூடியின் முன்விளிம்பில் லாக் இருக்கும் இடத்தில் பத்து நிமிடம் போர்த்தி வையுங்கள். சூடு ஆறினால் மாற்றி வையுங்கள். ஒட்டியிருப்பது வெறும் சர்க்கரைப் பாகு, இளகிவிடும். பிறகு மூடியைக் கீழே அமுக்கிக்கொண்டே லீவரைத் தூக்குங்கள். சில வண்டிகளில் ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு லீவர் இருக்கும், ஒன்று மேல்தட்டுக்கு, ஒன்று ஆழமான டப்பாவுக்கு. இரண்டையும் சேர்த்து இழுத்தால் இரண்டும் திறக்காது. திறந்ததும் காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, கொக்கியையும் அதன் பின்னால் உள்ள பொடி ஸ்பிரிங்கையும் துடையுங்கள். கடைசியில் ஊசிமுனை அளவு சிலிகான் கிரீஸ். அதிகம் வைத்தால் அதிலேயே தூசி ஒட்டி, அடுத்த மாதம் மறுபடி எனக்குக் கடிதம் எழுதுவீர்கள்.

கேள்வி: கண்ணாடிக்கு மேலே கூரையில் உள்ள கூலிங் கிளாஸ் டப்பா, அழுத்தினால் திறந்து, அழுத்தினால் மூடும். இப்போது அழுத்தினால் உள்ளேயே போய் நின்றுகொள்கிறது. கூலிங் கிளாஸ் உள்ளே.
— பனசங்கரி வாசகர்

பதில்: எனக்குப் பிடித்த சாமான் இது. அந்த லாக்கைப் பிரித்தால் உள்ளே பிளாஸ்டிக்கில் இதய வடிவத்தில் ஒரு தடம் வெட்டியிருக்கும். தீக்குச்சியைவிட மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று அந்தத் தடத்தில் ஒரே திசையில் சுற்றிவரும். முதல் அழுத்தில் கம்பி இதயத்தின் மேல் பள்ளத்தில் போய் உட்காரும், டப்பா மூடியிருக்கும். அடுத்த அழுத்தில் பள்ளத்திலிருந்து நழுவி மறுபக்கமாக இறங்கிவிடும், டப்பா திறக்கும். பழைய வண்டிகளின் ஆஷ்டிரே, இழுத்தால் வரும் கப் ஹோல்டர் பலவற்றிலும் இதே ஏற்பாடுதான். தூசி சேர்ந்தாலோ, கம்பி கொஞ்சம் வளைந்தாலோ, அது பள்ளத்தை விட்டு நழுவாமல் நிற்கும்.

மூடியின் நடுவில் அழுத்தாமல், லாக் எந்த ஓரத்தில் இருக்கிறதோ அங்கே ஒரு விரலால் முழு ஆழத்துக்கு அழுத்தி, சட்டென்று விடுங்கள். பாதி அழுத்து உதவாது, கம்பி திருப்பத்துக்கே போகாது. வேகமாகச் சில தடவை தட்டிப் பாருங்கள். இல்லாவிட்டால் இடுக்கில் கார்டை நுழைத்து மூடியை லேசாகக் கீழே இழுத்துக்கொண்டே அழுத்துங்கள். டப்பா மெதுவாக இறங்குவதற்கென்று பக்கத்தில் ஒரு பல்சக்கர டாம்பர் இருக்கிறது. பலமாக இழுத்தால் அதன் பல் போய்விடும், அப்புறம் திறக்கும்போதெல்லாம் கூலிங் கிளாஸ் தலையில் விழும். திறந்த பிறகு காற்றுப் பம்பால் ஊதி, சிலிகான் ஸ்பிரே ஒரே ஒரு தடவை. கனமான ஃபிரேமை இனி அதில் வைக்காதீர்கள்.

கேள்வி: சீட்டுக்கு அடியில் உள்ள இழுப்பறை பாதியில் நின்றுவிட்டது. உள்ளே குடையும் ஷூவும்.
— விவேக்நகர் வாசகர்

பதில்: குடை எழும்பி சீட்டின் அடிக்கம்பியில் மாட்டியிருக்கிறது. சீட்டை முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். பின்சீட்டுப் பக்கம் தரையில் உட்கார்ந்து, ஸ்கேலை நுழைத்துக் குடையை அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் முன்னாலிருந்து இழுக்கட்டும். சீட்டைக் கழற்றும் யோசனை வேண்டாம், அடியில் மஞ்சள் கனெக்டர் இருக்கக்கூடும்.

கேள்வி: கிளவ் பாக்ஸில் என்னென்ன வைக்கக் கூடாது? என் கணவர் அதில் வீட்டையே வைத்திருக்கிறார்.
— ராமமூர்த்தி நகர் வாசகி

பதில்: பெர்ஃப்யூம், டியோடரண்ட் ஸ்பிரே, லைட்டர். ஸ்பிரே டப்பாக்களில் 50 டிகிரிக்கு மேல் சூடு படக் கூடாது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அந்தச் சூடு வர நம் ஏப்ரல் மாதமே போதும். பவர் பேங்க் கூடாது. சானிடைசர் கசிந்தால் பிளாஸ்டிக் மங்கிவிடும். கூல்டு கிளவ் பாக்ஸ் என்று ஏ.சி. காற்று வரும் துளை இருந்தால், சாக்லேட்டைத் தாராளமாக வைக்கலாம், ஏ.சி.யை நிறுத்தும்போது மறக்காமல் எடுக்க வேண்டும். உருகிய சாக்லேட் லாக்குக்குள் இறங்கினால் மேலே ஜெயநகர் அம்மாவுக்குச் சொன்ன வைத்தியம்தான்.

மற்றபடி ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் நகல்கள், ஒரு டார்ச், ஒரு கைத்துணி. வண்டிக் கையேட்டைக்கூட சீட்டுக்குப் பின்னால் உள்ள பையில் செருகிவிடச் சொல்லுங்கள், டப்பாவில் பாதி இடத்தை அதுதான் அடைத்துக்கொண்டிருக்கும். மூடும்போது ஒரு விரலால் தள்ளினால் மூட வேண்டும். உங்கள் கணவர் முழங்காலால் முட்டுக்கொடுத்து மூடுகிறார் என்றால், இந்த இதழின் முதல் பதிலைப் படித்துக் காட்டுங்கள்.

(கேள்வி அனுப்புபவர்கள் வண்டியின் மாடலையும் வருடத்தையும் மறக்காமல் எழுதுங்கள். ஹேண்டில் இறுக்கமாக இருக்கிறதா, லொடலொடவென்று ஆடுகிறதா என்பதையும் சேர்த்து எழுதினால் பதில் சீக்கிரம் வரும்.)